வேலி ஹைட்ஸ்

1

சனிக்கிழமை காலை பாஸ்கர் சார் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் சுருட்டிய தாள், முகத்தில் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரின் சிரிப்பு. காபி குடித்தார். என் மனைவி எஸ்தர் சுட்ட வடையைப் பாராட்டி இன்னொன்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன் பிறகு சாப்பாட்டு மேசைமேல் தாளை விரித்து, நாங்கள் குடியிருக்கும் இடத்துக்குப் புதுப் பெயர் வைக்கப் போவதாகச் சொன்னார். அவர் போன பிறகு அவர் குடித்த கோப்பையை நானே தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அவ்வளவு அருவருப்பாக இருந்தது. கழுவிக்கொண்டிருக்கும்போதே, வந்தவன் குடித்த கோப்பையை இப்படித் தேய்க்கிறவர்கள் யார் என்பது நினைவுக்கு வந்தது. குழாயை மூடிவிட்டேன்.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ நகரத்தின் கிழக்கே ஸ்கார்பரோ. அதில் ஓர் அகலமான சாலை. சாலைக்குத் தெற்கே பழுப்பு நிறத்தில் மூன்று உயரமான அடுக்குமாடிக் கட்டடங்கள். வடக்கே பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன்னால் கட்டிய வரிசை வீடுகள். அவற்றில் ஒன்றில் நாங்கள் இருக்கிறோம். மாநகராட்சியின் வரைபடத்தில் இரண்டு பக்கமும் ஒரே பகுதி. அதற்கு ஒரு பெயர் உண்டு, ஒரு எண்ணும் உண்டு. குப்பை வண்டி இரண்டு பக்கமும் ஒரே நாளில் வருகிறது. பனி இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் கொட்டுகிறது.

"நம்ம சைடுக்குன்னு ஒரு ஐடென்டிட்டி வேணாமா சார்?" என்றார் பாஸ்கர் சார். "அட்ரஸ் சொன்னாலே ஜனங்களுக்கு அந்த பில்டிங்குங்கதான் ஞாபகம் வருது. எப்பப் பாத்தாலும் போலீஸ் வண்டி, ஆம்புலன்ஸ். பேர் தனியா இருந்தா வீட்டு விலை ஏறும். அப்புறம் மெல்ல ஸ்கூல் எல்லையையும் பிரிக்கச் சொல்லிக் கேக்கலாம். வேலி ஹைட்ஸ். எப்படி இருக்குது பேரு?"

சமையலறையில் இருந்த எஸ்தர் எட்டிப் பார்த்தாள். "வேலியா? எதுக்குங்க இன்னொரு வேலி? அதான் வூட்டுக்கு வூடு போட்டுக்கினு இருக்கறாங்களே!"

"அந்த வேலி இல்லம்மா. இங்கிலீஷ் வேலி. பள்ளத்தாக்கு."

"அப்ப ஹைட்ஸு?"

"உயரம்."

"பள்ளமும் மேடும் ஒரே பேர்லயா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையில் இங்கே பள்ளத்தாக்கும் இல்லை, உயரமும் இல்லை. வீடுகளுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் ஓடுகிற ஒரு வாய்க்கால் இருக்கிறது. கோடையில் அது நாறும். எஸ்தர் காதில் விழுந்ததுதான் சரியான பெயர் என்று எனக்குப் பட்டது.

பாஸ்கர் சார் காஞ்சிபுரத்துக்காரர். குடும்பத்துக்கு அங்கே பட்டுச் சேலைக் கடை. எதைப் பேசினாலும் சேலையில் கொண்டுவந்து முடிப்பார். "உடல் ஒரு கலர், கரை ஒரு கலர்னு இருந்தாதான் சார் சேலைக்கே அழகு. அதுக்காக அவங்கள ஒதுக்குறோம்னு அர்த்தமா?" என்றார். கரை எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை. கரையில் இருந்தே வளர்ந்தவனுக்கு அது தெரியும்.

கிளம்பும்போதுதான் சொன்னார். "இந்த மேப்பை வரைஞ்சது யாரு தெரியுமா? உங்க பொண்ணு! கோட்டை எவ்ளோ நீட்டா போட்டிருக்குது பாருங்க."

பார்த்தேன். ஒரு மூலையில் மேப்பிள் இலை. நடுச்சாலையில் சிவப்புக் கோடு. கீழே சின்ன எழுத்தில் ஷாலினி என்று என் மகளின் பெயர். இங்கே பள்ளிப் பிள்ளைகள் சமூக சேவை என்று சில மணி நேரம் காட்ட வேண்டும். காட்டினால்தான் படிப்பை முடித்த சான்றிதழ் வரும். சிலர் முதியோர் இல்லத்தில் பாட்டுப் பாடுவார்கள். என் மகள் ஜனங்களுக்கு நடுவில் கோடு போட்டிருக்கிறாள்.

2

இந்த நகரத்தில் எந்த இடத்துக்கும் ஒரே பெயர் கிடையாது. மாநகராட்சி ஒன்று வைக்கிறது. வீடு விற்கும் முகவர் பக்கத்துப் பணக்காரப் பகுதியின் பெயரைக் கொஞ்சம் இழுத்து இங்கே போர்த்திவிடுகிறார். பிள்ளைகள் பஸ் எண்ணைச் சொல்கிறார்கள். எங்களுக்கு முன்னால் வந்த யாழ்ப்பாணத்து நண்பர்கள், எப்போதோ மூடிப்போன ஒரு மளிகைக் கடையை வைத்து இந்த நாற்சந்தியை இன்னமும் "பழைய கடையடி" என்கிறார்கள். தெற்குப் பக்கம் அவர்களுக்கு "மூண்டு பில்டிங்". நானும் அவர்களிடம் கற்றுக்கொண்டு மூண்டு பில்டிங் என்றுதான் சொல்லிவந்தேன். நாங்கள் முதலில் குடியிருந்தது அதன் நடுக் கட்டடத்தில்தான், ஒன்பதாம் மாடியில். ஷாலினி பிறந்து மருத்துவமனையிலிருந்து வந்த வீடு அது. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எஸ்தர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுவாள். எந்த மாடியில் மூச்சு வாங்கி நின்றாலும் யாராவது ஒரு கதவு திறந்து தண்ணீர் கொடுப்பார்கள்.

காஞ்சிபுரத்திலும் இதே கதைதான் என்று உங்களுக்குத் தெரியும். வார்டு எண்ணைச் சொன்னால் ஆட்டோக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பெரிய காஞ்சிபுரம், சின்ன காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம் என்றால் வண்டி நகரும். அதற்கு மேல் எந்தக் கோயில், எந்த வீதி என்று கேட்பார்கள். வழி தெரிவதற்காகக் கேட்பது போலவே இருக்கும். வீதியைச் சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் கேட்பது.

கடல் தாண்டி வந்தால் இது போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். இங்கே பொங்கல் விழாவில் தட்டை நீட்டும்போதே ஆரம்பிக்கிறது. "நீங்க எந்த ஊர்?" காஞ்சிபுரம் என்பேன். சுற்று வட்டாரத்தில் பிறந்த அத்தனை பேரும் அப்படித்தான் சொல்கிறோம். "காஞ்சிபுரத்துல எங்க?" வாலாஜாபாத் பக்கம், தென்னேரி போற வழி என்பேன். அப்புறம் கிராமத்தின் பெயர். அதையும் சொல்லிவிட்டால் மூன்றாவது கேள்வி வரும். "அங்க எந்தப் பக்கம்?" அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பழத்தை அமுக்கிப் பார்ப்பவரின் கண் அது. தட்டை வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். அதனால்தான் கிராமத்தின் பெயரை இங்கேயும் எழுதவில்லை. எழுதினால் நீங்களும் எந்தப் பக்கம் என்று கேட்பீர்கள்.

எங்கள் பக்கம் இப்படி. பஸ் நிற்பது ஊரில். பெருமாள் கோயில், ரேஷன் கடை, தபால் பெட்டி எல்லாம் ஊரில். அப்புறம் கொஞ்சம் கழனி. கழனியைத் தாண்டினால் நாங்கள். அரசாங்கக் காகிதத்தில் கிராமம் ஒன்றுதான். அதன் பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு "காலனி" என்று எழுதினால் அது நாங்கள். எங்கள் வீடுகளில் "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று யாராவது சொன்னால், பெட்டி கட்டிக்கொண்டு பயணம் போகிறார் என்று அர்த்தமில்லை. கழனி வரப்பில் நடந்து போய் எண்ணெய் வாங்கி வரப் போகிறார்.

ஆறாம் வகுப்புக்குக் காஞ்சிபுரத்தில் சேர்த்தார்கள். முதல் நாள் வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பி, "உன் ஊர் எது?" என்று கேட்டார். என் முறை வந்தது. எழுந்து கைகட்டி நின்று, "ஊர் இல்லீங்க சார், காலனி" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் என்னை ஊர்க்காரப் பையன் என்று தப்பாக நினைத்துக்கொண்டுவிடக் கூடாதே என்கிற கவலையில் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், இவனுக்கு ஊரே இல்லியாம்டா!" என்றார். வகுப்பே சிரித்தது. ஊர் என்றால் பிறந்த இடம் என்று எல்லாருக்கும் ஓர் அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

3

வரைபடம் வந்த மறுநாள் தம்பி செல்வம் கூப்பிட்டான். அவன் ஊரில், மன்னிக்க வேண்டும், காலனியில் எங்கள் பழைய வீட்டிலேயே இருக்கிறான். எலக்ட்ரீஷியன் வேலை.

"ண்ணா, நம்ம காலனிக்குப் பேர் மாத்தறாங்கோ."

காலனி என்கிற சொல்லை அரசாங்கக் காகிதங்களிலிருந்து எடுக்கச் சொல்லியிருப்பதை நானும் செய்தியில் படித்திருந்தேன். படித்த அன்று எஸ்தர் பாயசம் வைத்தாள்.

"இன்னா பேரு வெக்கறாங்கோ?"

"அதாண்ணா சண்டை. ஊர்ல மூணு தெரு இருக்குது. நம்மளுது நாலாவது தெருன்னு போடு, போதும்னு கேட்டோம். வேற ஒண்ணும் கேக்கலண்ணா. அதுக்கு ஊர்ப் பெரியவரு இன்னா சொல்றாரு தெரியுமா? நாலாவது தெருன்னா ஊரோட சேந்த மாரி ஆயிடுமேப்பா, நடுவுல கழனி இருக்குதேன்றாரு."

"அப்புறம்?"

"பூ பேரு வெச்சுக்கோங்கோன்றாங்கோ. ரோஜா நகர், இல்லன்னா மல்லி நகர். ஏண்ணா, ரோஜா நகர்னா இன்னானு ஒரே மாசத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிடாதா? பேர மாத்திட்டு கோட்ட மட்டும் அப்படியே வெச்சுக்கறாங்கோ."

என் சாப்பாட்டு மேசைமேல் மகள் வரைந்த தாள் விரித்தபடியே கிடந்தது. சிவப்புக் கோட்டின்மேல் பாஸ்கர் சாரின் வடை எண்ணெய் ஒட்டியிருந்தது.  அங்கே என் தம்பி ஒரு கோட்டை அழிக்கப் பஞ்சாயத்தில் நின்று கத்துகிறான். இங்கே என் பெண் அதே கோட்டைக் கணினியில் வளைவில்லாமல் வரைந்து கொடுத்திருக்கிறாள். நான் எதற்காக இத்தனை தூரம் வந்தேன் என்று இருந்தது.

4

ஷாலினியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் தமிழ் பேசுவாள். பாதியில் ஆங்கிலத்துக்கு வழுக்கிவிடுவாள், திரும்பி வர நேரமாகும்.

"இது ஜஸ்ட் ஒரு மேப்தான்ப்பா. எனக்கு ஹவர்ஸ் வேணும். பாஸ்கர் அங்கிள் கேட்டாரு."

"அந்த பில்டிங்லதான் நீ பொறந்த."

"தெரியும். பட் நாம மூவ் பண்ணிட்டோம்ல?"

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. அவள் மனதில் கெட்டது எதுவும் இல்லை. கெட்டது இல்லாமலேயே அப்படிச் சொல்ல முடிகிறது என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. இன்னும் கொஞ்ச காலம் போனால் இவள் ஏதாவது விருந்தில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவது கேள்வியை யாரிடமாவது கேட்பாள். அது கேள்வி என்றே தெரியாமல் கேட்பாள். அந்த நாளைப் பார்ப்பதைவிட என் மகள் ஒன்பதாம் மாடியிலேயே வளர்ந்திருக்கலாம்.

கத்தியிருப்பேன். எஸ்தர் கண்ணால் தடுத்தாள். "பால் வாங்கப் போனது ஞாபகம் இருக்குதாம்மா?" என்று மகளிடம் கேட்டாள்.

ஷாலினி சின்னவளாக இருந்தபோது காலனி வீட்டுக்குப் போயிருந்தோம். காலையில் செல்வத்தின் மனைவி, "ஊருக்குப் போயி பால் வாங்கிக்கினு வாங்க" என்று அவளையும் தன் மகளையும் சேர்த்து அனுப்பினாள். இவள் அழ ஆரம்பித்துவிட்டாள். வந்ததே ஊருக்குத்தானே, மறுபடி எந்த ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று பயம். எல்லாரும் சிரித்தோம். யாரும் அவளுக்கு விளக்கவில்லை.

"இருக்குது," என்றாள் ஷாலினி. "எனக்கு அது புரியவே இல்ல. நாம இருந்தது ஊர் இல்லியா?"

சொன்னேன். கழனியைச் சொன்னேன். வாத்தியாரைச் சொன்னேன், கைகட்டி நின்றதைச் சொன்னேன். செல்வம் கேட்ட நாலாவது தெருவையும் அவர்கள் கொடுத்த ரோஜாவையும் சொன்னேன். அவள் நடுவில் ஆங்கிலத்துக்குப் போகாமல் கேட்டாள். முடித்ததும் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கதவு சாத்தும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

அடுத்த நாள் அவளே சொன்னாள். கோப்பு ஏற்கெனவே பாஸ்கர் அங்கிளிடம் போய்விட்டது. அதைத் திருப்பிக் கேட்டிருக்கிறாள், தன் பெயரையாவது எடுக்கச் சொல்லியிருக்கிறாள். மாநகராட்சிக்கு அனுப்பியாயிற்று என்று சிரித்தாராம். கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்ட அவள்தான் வர வேண்டும் என்றும் சொல்லிவிட்டாராம்.

5

கூட்டம் சமூகக்கூடத்தில். வடக்குப் பக்கத்து வீடுகளுக்கு மட்டும் அழைப்பு. தலைமை தாங்கிய அம்மாள், இங்கே எல்லாக் கூட்டத்திலும் செய்வது போல, முதலில் எழுந்து, இந்த மண் பழங்குடி மக்களுடையது, அவர்களை நன்றியோடு நினைக்கிறோம் என்று வாசித்தார். எல்லாரும் தலை குனிந்து நின்றோம். உட்கார்ந்ததும் அந்த மண்ணில் கோடு போடுகிற வேலை ஆரம்பித்தது.

மாநகராட்சியிலிருந்து வந்திருந்தவர் தெளிவாகச் சொன்னார். அரசு வரைபடத்தை மாற்ற முடியாது. ஆனால் குடியிருப்பவர்கள் சேர்ந்து ஒரு பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். சாலையோரத்தில் வரவேற்புப் பலகை வைக்க அனுமதி வாங்கிக்கொள்ளலாம். காகிதத்தில் ஒன்று, வாயில் வேறொன்று. இந்த ஏற்பாடு எனக்குப் புதிதில்லை.

ஷாலினி மடிக்கணினியோடு திரைக்குப் பக்கத்தில் நின்றாள். கோடு சுவர் உயரத்துக்குச் சிவப்பாகத் தெரிந்தது. பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார்கள். எழுந்தேன். நான் மருத்துவமனையில் பாய்லர் பார்க்கிறவன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. கோபம் வந்தால் என் ஆங்கிலம் உடைந்துவிடும்.

"யூ ஆர் மேக்கிங் காலனி," என்றேன். "ஐ நோ காலனி. ஐ வாஸ் பார்ன் இன் காலனி. கவர்மென்ட் பேப்பர், ஒன் நேம். பீப்பிள் மவுத், அனதர் நேம். ஆல் மை லைஃப் ஐ அம் வாக்கிங் அவுட் ஆஃப் காலனி. நவ் யூ ஆர் மேக்கிங் ஹியர்."

 முன்வரிசையில் வெள்ளை முடி வைத்த ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லாரும் தட்டினார்கள். தலைவி எழுந்து, காலனி ஆதிக்கத்தின் வலியைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி, பிரிட்டிஷார் செய்த கொடுமையை நாம் மறக்கக் கூடாது என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன காலனி கழனிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அவர்கள் கேட்ட காலனி கப்பலில் வந்தது. அந்தக் கூடத்தில் நான் சொன்னது இரண்டே பேருக்குத்தான் விளங்கியது. ஒன்று ஷாலினி. இன்னொன்று பாஸ்கர் சார். கைதட்டியவர்களில் அவரும் ஒருவர்.

அப்புறம் கை தூக்கச் சொன்னார்கள். தட்டிய கைகள்தான் தூக்கிய கைகளும். வேலி ஹைட்ஸ் நிறைவேறியது. காறித் துப்ப ஓர் இடம் தேடினேன். தரை பளபளவென்று இருந்தது.

6

வெளியே காரை எடுக்கும்போது பாஸ்கர் சார் பின்னாலேயே வந்தார்.

"பிரமாதமா பேசுனீங்க சார். வெள்ளைக்காரங்களையே அழ வெச்சிட்டீங்களே!" என்றார். குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தென்னேரி போற வழின்னு சொன்னீங்க இல்ல? அந்த ஊர்ல நீங்க எந்தப் பக்கம்?"

வந்துவிட்டது. இத்தனை வருடம் தட்டை வைத்துவிட்டு எழுந்து ஓடிய கேள்வி. இந்த முறை கார்க் கதவைத் திறந்தேன்.

மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஷாலினி என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"ஊர் இல்ல அங்கிள்," என்றாள். "காலனி."

மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் தப்பாக நினைத்துக்கொண்டுவிடக் கூடாதே என்பது போல.

"சேச்சே, நான் அதுக்குக் கேக்கலம்மா," என்றார் பாஸ்கர் சார். "நாங்கள்லாம் அப்படிப் பாக்கறதே இல்ல." சொல்லிக்கொண்டே சாவியைத் தேடினார். சாவி அவர் கையிலேயே இருந்தது.

பலகை தயாராகிவிட்டது. இலை அப்படியே இருக்கிறது, ஷாலினியின் பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள். அவள் கேட்டும் எடுக்காத பெயர், அன்றைக்குப் பிறகு தானாகப் போய்விட்டது. அங்கேயும் ரோஜா நகர் என்று பலகை வந்துவிட்டதாகச் செல்வம் சொன்னான். ஷேர் ஆட்டோக்காரர், "ரோஜா நகர் காலனி எறங்கு" என்று கூப்பிடுகிறாராம்.

நேற்று பலகைத் திறப்புக்கு அழைக்கப் பாஸ்கர் சார் வீடு வீடாக வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், விட்டுவிடவில்லை. அதே கல்யாணப் பத்திரிகைச் சிரிப்பு. உள்ளே வாங்க என்றோம். பரவாயில்ல சார், நேரமாச்சு என்று கதவுக்கு வெளியிலேயே நின்றார். எஸ்தர் காபி கொண்டுவந்து நீட்டினாள்.

"இப்பதாம்மா குடிச்சேன்," என்றார். கை சட்டைப் பைக்குள் போனது.

கோப்பை எஸ்தர் கையிலேயே நின்றது.  படிக்கட்டில் இருந்து ஷாலினி இறங்கி வந்தாள். காபி வாசனையே அவளுக்குப் பிடிக்காது. அம்மா கையில் இருந்த கோப்பையை வாங்கி, வாசலில் அவருக்கு எதிரே நின்றபடியே, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"நல்லாதான் இருக்குது அங்கிள்," என்றாள்.